சுப்ராயன் அழித்த அக்கி

முஸ்லிம் வீட்டாருக்கு அக்கி எழுதும்போது சுப்ராயன் சிங்கம், நாய் உருவம் வரைவதில்லை. காவிக் குழம்பால் கொடியும் புள்ளியும் மட்டும் இழுத்துவிடுவார். உருவம் அவர்களுக்கு ஆகாதே என்று, யாரும் கேளாமலே அவராகச் செய்த மாற்றம். விழிதியூரில் பானை வனையும் குடும்பத்தில் பிறந்தவர். அக்கிக் கொப்புளம் கண்டவர்களுக்கு அதன் மேலேயே மூன்று நாள் காவியால் எழுதுவது அவர்கள் வழக்கம்.

திருமலைராயன்பட்டினத்து ஆஸியா பீவி தன் கணவர் நூகுவை அவரிடம்தான் அழைத்துப்போனாள். நூகு பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். இடப்பக்க நெற்றியில் கொத்துக்கொத்தாகக் கொப்புளம். நெருப்பை அள்ளி வைத்தது போல எரிச்சல். முதல் நாள் எழுதியாயிற்று. மறுநாள் காலை குச்சியைக் கையில் எடுத்த சுப்ராயன், நூகுவின் முகத்தைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். மூக்கு நுனியில் புதிதாக ஒரு கொப்புளம். இடது கண்ணும் சிவந்திருந்தது.

ஈரத்துணியை எடுத்து, எழுதியதையெல்லாம் அவரே துடைத்தார். ஆஸியா தடுக்கக் கை நீட்டினாள். மூன்று நாளைக்குள் அழித்தால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்பார்களே!

“என்னண்ணே இது?”

“கண்ணு போயிடும் தங்கச்சி. இப்படி மூக்குல வந்த ஒருத்தருக்கு எழுதிக்கிட்டே இருந்தேன். பார்வை போயிடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க.”

“ஊசி போட்டா உள்ள இறங்கிடும். நான் வரல” என்றார் நூகு.

“ஒத்தக் கண்ணோட இருபது புள்ளைங்கள வச்சு ஓட்டப் போறீங்களா பாய்? ஏறுங்க வண்டியில.”

காரைக்காலில் கண் டாக்டர் முத்தமிழ் விளக்கு அடித்துப் பார்த்து முடிக்கும்வரை ஆஸியாவின் உதடு ஓதிக்கொண்டே இருந்தது.

“கருவிழியத் தொட்டிருக்கு. மாத்திரைய இப்பவே ஆரம்பிக்கணும்.”

“நேத்து நெத்தியிலதானே இருந்துச்சு? மூக்குக்கு எப்படி டாக்டரம்மா வந்துச்சு?”

“சின்ன வயசுல அம்மை போட்டிருக்கும்ல? அந்தக் கிருமி நரம்போட வேர்ல தூங்கிக்கிட்டு இருந்திருக்கு. நரம்புக்குள்ள தண்டவாளம் மாதிரி நூல் ஓடுது. நரம்பு செல்லுக்கு எலும்புக்கூடும் அதுதான், உள்ள சரக்குப் போற வழியும் அதுதான். கிருமிக்குக் கால் கிடையாது. அந்தச் சரக்கோட தொத்திக்கிட்டு நுனிக்கு வந்து தோல்ல வெளியேறிடும். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே கிளைதான்.”

“அப்ப அழிச்சதால உள்ள இறங்கல?”

“உள்ள இருந்துதாம்மா வருது.”

“என் வேன்ல ஒருத்தனயும் ஓசியில ஏத்தினதில்லயே” என்று முனகினார் நூகு.

அதற்குப்பின் தினமும் காலையில் ஆஸியா அவருடைய வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு விரலைக் காட்டுவாள். அவர் தவறாகச் சொல்லும்போதெல்லாம் தொழுகைப் பாயில் அழுவாள். பதினோராம் நாள், மூன்று விரலை மூன்று என்றே சொன்னார்.

நன்றி சொல்ல அவள் விழிதியூர் போனதுதான் சுப்ராயனைக் கடைசியாகப் பார்த்தது. மறுமாதமே அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவள் நன்றி சொல்லப் போன அன்று வாசல்வரை வந்து அவர் சொன்னார்:

“நன்றி எதுக்கு தங்கச்சி? நெத்தியில பார்த்த அன்னைக்கே அனுப்பியிருக்கணும். ஒரு நாளக் கெடுத்தது நான். மூஞ்சில அக்கின்னு யாராச்சும் எங்கிட்ட வரக் கெளம்புனா, வழியிலயே மறிச்சு டாக்டர்கிட்ட அனுப்பிவிடுங்க.”