நடக்காத ஆட்டங்களின் முடிவுகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு திங்கட்கிழமை மதியம், ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்கு எதிரே இருக்கும் என் மச்சானின் கயிற்றுக்கடையில் நடந்தது இது. மச்சான் என்றால் என் லாத்தாவின், அதாவது அக்காவின், கணவர். படகுக்காரர்களுக்குக் கயிறும் வலையும் பெயின்ட்டும் விற்கிறவர். நிதானமான மனிதர்தான். ஆனால் அவருக்குத் தீராத வியாதி ஒன்று உண்டு. துருக்கியில், கருங்கடல் ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊரின் கால்பந்து அணியை முப்பது வருடங்களுக்கும் மேலாக விடாமல் பின்தொடர்ந்து வருகிறார். அந்த அணியின் பெயரைச் சொன்னால் ரங்கூனில் ஒருவருக்கும் தெரியாது. துருக்கியிலேயே பாதிப்பேர் மறந்திருப்பார்கள்.

வாலிபத்தில் அவர் கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்தார். ஒரு தடவை அந்த ஊர்த் துறைமுகத்தில் கப்பலை அதன் முதலாளி கைவிட்டுப் போய்விட, பதினோரு பேர் ஏழு மாதம் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ஊர் அணியைச் சேர்ந்தவர்கள் ஆட்டம் நடக்கும் நாளெல்லாம் துறைமுகத்துக்கு வந்து இவர்களை மைதானத்துக்கு அழைத்துப்போய், பருப்பு சூப்பும் ரொட்டியும் கொடுத்து, கூட்டத்தோடு உட்கார வைத்தார்கள். அப்போது அது முதல் பிரிவில் ஆடும் அணி. இஸ்தான்புல்லின் பெரிய அணி ஒன்றை அந்த வருடம் அது தோற்கடித்ததை மச்சான் நேரில் பார்த்தார். அதை அவர் வாயால் நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கடைசி கோல் எந்தக் காலால் போடப்பட்டது என்பதுவரை மனப்பாடம்.

ஊர் திரும்பியதும் அவருக்கு ஒரு பிரச்சினை வந்தது. ரங்கூனில் அந்த அணியின் ஆட்ட முடிவுகளை எங்கே தெரிந்துகொள்வது? பதில் நான்தான். நான் ஒரு பத்திரிகையில் வெளிநாட்டு விளையாட்டுச் செய்திகளைப் பர்மிய மொழியில் எழுதும் வேலையில் இருந்தேன். செய்தி நிறுவனம் அனுப்பும் நீளத் தாள்களின் கடைசியில், துருக்கியின் முதல் இரண்டு பிரிவு ஆட்டங்களின் முடிவுகள் பொடி எழுத்தில் வரும். யாரும் பயன்படுத்தாத பகுதி அது. மச்சானுக்காக நான் அதைக் கிழித்து வைப்பேன்.

திங்கட்கிழமைதோறும் அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். பந்தயம் கட்டுகிறவர் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள். பந்தயம் ஹராம் என்று அவர் கோபித்துக்கொண்ட பிறகு, 'துருக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரர் தலையை நிமிர்த்தாமலே, "ஸயா, துருக்கி வந்தாச்சு. இன்னைக்கும் தோல்விதானே?" என்று பர்மிய மொழியில் கேட்பார். ஸயா என்பது இங்கே வாத்தியாரிலிருந்து பத்திரிகைக்காரன் வரைக்கும் மரியாதையாக அழைக்கும் சொல்.

பெரும்பாலும் தோல்விதான்.

"சொல்லு மாப்ளே."

"தோத்துட்டாங்க மச்சான். மூணுக்கு ஒன்னு."

"அந்த ஒன்னை யாரு போட்டது?"

"அதெல்லாம் வராது மச்சான். எண்ணிக்கைதான் வரும்."

"என்ன பேப்பர் நடத்துறீங்களோ!"

தேதி, எதிரணியின் பெயர், கோல் எண்ணிக்கை எல்லாவற்றையும் தமிழில், கோடு போட்ட கட்டங்களுக்குள் எழுதிக்கொண்டு போவார். ஒரு கால்பந்து அணி எப்படி இறங்குகிறது என்பதை நான் அந்தப் பொடி எழுத்தில்தான் பார்த்தேன். காரணங்கள் வெகு பின்னால்தான் தெரிந்தன: புதிதாக வந்த தலைவர், வயதான வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சேர்த்தார். ஊருக்கு வெளியே பெரிய மைதானம் கட்டத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள். சம்பளம் வராமல் நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பிப்போனார்கள். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, ஒரு வருடம் தலைதூக்கி, மறுபடியும் இறங்கியது. பத்து வருடத்தில் மூன்றாம் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் பிரிவு முடிவுகள் எங்கள் தாளில் வராது.

இதை மச்சானிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அணி அப்படி இறங்கிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை, பக்கம் முடிய அரை மணி நேரம் இருந்தது. வரவேண்டிய படம் வரவில்லை. ஆசிரியர் உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். மேசைக்கு எதிரே மச்சான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டுக்கு ஒன்னு. ஜெயிச்சாச்சு," என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். நல்ல வேளை, யார் கோல் போட்டது என்று கேட்காமல் போய்விட்டார். மறு வாரம் எதிரணியின் பெயர் தேவைப்பட்டது. பழைய கால்பந்து ஆண்டுமலர் ஒன்றைப் புரட்டி, ஒரு சீசனுக்கு வேண்டிய பெயர்களை எடுத்து வைத்துக்கொண்டேன். பொய்யை நம்ப வைக்க என்ன செய்ய வேண்டும் என்று பத்திரிகைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடர்ந்து ஜெயித்தால் சந்தேகம் வரும் என்று நடுநடுவே தோற்க வைத்தேன். பனிக்காலத்தில் ஓர் ஆட்டத்தை ஒத்திப்போட்டேன். வேலையில் நான் காட்டிய கவனத்தைவிட இதில் அதிகம் காட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு வாரம் கொஞ்சம் மிஞ்சிப்போய், நாலுக்கு சைபர் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு மச்சான் லாத்தாவை ஒரு அண்டா டான்பௌ ஆக்கச் சொன்னார். நாங்கள் டான்பௌ என்று சொல்வது பிரியாணியைத்தான். தெருவுக்கே கொடுத்தார். நானும் போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இரண்டு சீசன் இப்படியே போனது. பிறகு அலுவலகத்துக்கு இணைய வசதி வந்ததும், அந்த ஊர்ச் செய்தித்தாளின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அணி மாவட்ட அளவில், பக்கத்துக் கிராமத்து அணிகளோடு ஆடிக்கொண்டிருந்தது. ஏன் அவ்வளவு கீழே போனது என்று நான் தேடவில்லை. அந்த வாரம் முதல் உண்மையான முடிவுகளைச் சொல்லத் தொடங்கினேன். மச்சான் புருவத்தைச் சுருக்கினார்.

"போன வருஷம் அஞ்சாவதா வந்த டீமு, கிராமத்தானுங்க கூட ஏன் ஆடுது?"

"லீகையே மாத்தி அமைச்சுட்டாங்க மச்சான்."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சில வருடங்களில் அவர் கைக்கே போன் வந்தது. முடிவுகளைத் தானே பார்க்கத் தொடங்கினார். அணியும் மெல்ல மெல்ல மேலே ஏறி மறுபடி மூன்றாம் பிரிவுக்கு வந்தது. என் தலைவலி தீர்ந்தது என்று நினைத்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, அந்த ஊர் ரசிகர்கள் இணையத்தில் ஓர் அறிவிப்பு போட்டார்கள். அணியின் பழைய பதிவுகள் எல்லாம் தொலைந்துவிட்டன, யாரிடமாவது பழைய முடிவுகள் இருந்தால் அனுப்புங்கள், அணியின் வரலாற்றைத் தொகுக்கிறோம் என்று. மச்சான் விடுவாரா? போனில் தமிழில் எழுதினால் அது துருக்கி மொழியாக மாறிப் போகிற வசதி இருக்கிறது. தன்னிடம் எல்லா ஆட்டமும் இருக்கிறது என்று எழுதிவிட்டார். தொகுக்கும் வேலையைச் செய்கிற இளைஞன் ஒருவன் சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தான். மச்சான் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து, கட்டங்களில் இருப்பதை விளக்கி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இது எனக்கு, முதலில் சொன்ன அந்தக் கயிற்றுக்கடைத் திங்கட்கிழமைக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். என் பொய் ஒரு ஊரின் வரலாற்றுக்குள் போகப்போகிறது என்றும் தெரியும். அச்சில் ஒரு எண் தப்பினால் மறுநாள் திருத்தம் போடாமல் தூங்காத ஆள் நான். அந்த ஒரு வாரமும் நன்றாகத் தூங்கினேன். இரண்டு சீசன்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை மச்சான் போன் செய்து உடனே வரச் சொன்னார். போனபோது கடையில் கரண்ட் இல்லை. பக்கத்துக் கடை ஜெனரேட்டர் சத்தத்தில் எல்லாவற்றையும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இதைப் படி மாப்ளே. நேத்துப் பொறந்த பய எனக்குப் பாடம் நடத்துறான்."

அந்த இளைஞனின் செய்தியைப் போன் தனக்குத் தெரிந்த தமிழில் மாற்றியிருந்தது. 'அன்புள்ள மாமா, அந்த இரண்டு பருவம் எங்கள் கிளப் மூடப்பட்டது. அணி இல்லை. மைதானத்தில் ஆடுகள் மேய்ந்தன. என் தந்தை கதவின் சாவியை வைத்திருந்தார். இந்தப் போட்டிகள் எங்கிருந்து வந்தன?'

"ஆடு மேஞ்சுச்சாம்!" என்றார் மச்சான். "நாலுக்கு சைபர் ஜெயிச்ச வருஷம் ஆடு மேஞ்சுச்சாம்! இவன் எழுதப்போற வரலாறு வெளங்குமா?"

அவர் பதில் எழுதி வைத்திருந்தார். 'என் சம்சாரத்தின் தம்பி முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவர், அவர் சொன்ன முடிவு தப்பாகாது, உன் வாப்பாவிடம் மறுபடி நன்றாகக் கேள்' என்று இருந்தது.

"நீ எழுத்துக்காரன். கடைசில ஒரு வரி சூடா போட்டுக் குடு. அனுப்பிடலாம்."

அந்த ஊரிலேயே பிறந்து, அந்த மைதானத்தின் சாவியைக் கையில் வைத்திருந்தவனின் மகன் சொல்வதை அவர் நம்பவில்லை. நான் சொன்னதை நம்பினார். சாவி வைத்திருந்த அந்தத் தகப்பன் பொய்யன் ஆவதற்கு ஒரு பட்டனை அழுத்துவதுதான் பாக்கி.

"அனுப்பாதீங்க மச்சான்," என்றேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "ஆடு மேஞ்சது நெசம். அந்த ரெண்டு வருஷமும் நான் சொன்னதெல்லாம் என் கைச்சரக்கு."

அவர் போனைக் கீழே வைத்தார். தேநீர் கொண்டுவந்த லாத்தா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்ப அந்த டான்பௌ?" என்றாள். "ஒரு அண்டா ஆக்குனேனேடா! ரெண்டு தட்டு தின்னியே, உனக்குத் தொண்டையில எறங்குச்சா?"

மச்சான் அவளைப் பார்க்கவில்லை. "ஏன் மாப்ளே?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்க வாரா வாரம் வந்து நிப்பீங்க. எனக்கு வேலை தலைக்கு மேல இருக்கும். தெரியலைன்னு சொல்லச் சங்கடமா இருந்துச்சு."

"தெரியலைன்னா கோடு போட்டுட்டுப் போயிருப்பேன். ஜெயிச்சாத்தான் எழுதுவேன்னு எப்பவாச்சும் சொன்னேனா? பத்து வருஷமாத் தோத்ததையே எழுதுனவன் நான்."

அவர் நோட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வருஷம் அவங்க மைதானத்தைப் பூட்டிட்டு நின்னிருக்காங்க. எங்களை உக்கார வச்சு சோறு போட்ட மனுஷங்க. செய்தி தெரிஞ்சிருந்தா ஒரு லெட்டராவது போட்டிருப்பேன். நான் என்ன பண்ணேன்? தெருவைக் கூட்டிக் கொண்டாடிட்டு இருந்திருக்கேன்."

 

அவர் நோட்டைத் திறந்து, அந்தப் பக்கங்களை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரு பேனாவையும் வைத்தார். "நீயே அடி."

அடிக்கத் தொடங்கினேன். ஒவ்வொரு கட்டமாக, மூலையிலிருந்து மூலைக்கு. மச்சான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒன்னு கூடவா நெசமில்ல?"

"ஒன்னுகூட இல்ல மச்சான்."

"பனி பெஞ்சு ஆட்டம் தள்ளிப்போச்சுன்னு சொன்னியே?"

"அதுவும் இல்ல."

"லீகை மாத்துனது?"

"அதையும் அடிச்சிடுறேன்."

லாத்தாவால் அடக்க முடியவில்லை, உள்ளே போய்ச் சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. எழுதி வைத்திருந்த பதிலை அழித்துவிட்டு, புதிதாக ஒன்றை அவரே மெதுவாக எழுதினார். உன் வாப்பா சொன்னதுதான் சரி, எனக்குத் தப்பான தகவல் வந்துவிட்டது, அவரிடம் என் சார்பாக மன்னிப்புக் கேள், அந்த இரண்டு வருடம் உங்கள் பக்கத்தில் இல்லாமல் போனதற்கும் சேர்த்து. தப்பான தகவல் யாரிடமிருந்து வந்தது என்று எழுதவில்லை. அதைப் படித்தபோது, எழுதியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. பரவாயில்லை மாமா, மற்ற பக்கங்களை அனுப்புங்கள், அப்பா உங்களுக்கு சலாம் சொல்கிறார் என்று. இப்போது அந்த அணியின் பக்கத்துக்குப் போனால், தமிழ் எழுத்தில் இருக்கும் மச்சானின் நோட்டைப் பார்க்கலாம். அந்த இரண்டு வருடங்களுக்கு மட்டும் ஒரே ஒரு வரி இருக்கிறது: ஆட்டம் இல்லை.

ஒரு மாதம் மச்சான் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். ஆனால் இப்போதெல்லாம் நான் எது சொன்னாலும், தன்லியின் ஆற்றுப்பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட்டது என்று சொன்னால்கூட, "நெசமா, இல்ல உன் சரக்கா?" என்று கேட்கிறார். லாத்தாவின் பேரப்பிள்ளைகளும் அதையே பர்மிய மொழியில் கேட்கப் பழகிவிட்டார்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது, கோபித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

எத்தனையோ ஆயிரம் பேர் படிக்கும் பக்கங்களை வருடக்கணக்காகத் தயார் செய்தேன். அவர்களில் யார் எதைப் படித்தார்கள், எதை நம்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. நேரில் வந்து, நின்று கேட்டு, சொன்னதை ஒரு எழுத்து விடாமல் நம்பி எழுதிக்கொண்டுபோன வாசகர் எனக்கு வாய்த்தது ஒருவர்தான். அவரிடம் 'தெரியவில்லை' என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகியிருக்காது என்பதை நினைக்கும்போதெல்லாம், என் மேல் எனக்கு வருகிற எரிச்சல் இன்னும் கொஞ்சமும் குறையவில்லை.