பூஜடைக்கு இரண்டு ஃபோகஸ் லைட்

என் மகனை மூன்றாம் வயதில் ஒரே ஒரு நாள் மகளாக்கிப் படம் எடுத்தோம். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. மொட்டை போடுவதற்கு முன்பு ஆண்பிள்ளைக்கும் பட்டுப்பாவாடை கட்டி, சவுரி சேர்த்துப் பின்னி, பிச்சிப்பூவும் மரிக்கொழுந்தும் வைத்துப் பூஜடை தைத்து, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்க வைப்பார்கள். முகமும், கண்ணாடியில் தெரியும் சடையும் ஒரே படத்தில் விழ வேண்டும். சடை விழாவிட்டால் அதைப் படம் என்றே யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுனில் எந்த வீட்டு ஆல்பத்தைப் புரட்டினாலும், மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிற இரண்டு பேராவது அதில் பாவாடை சட்டையோடு நிற்பார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் படத்துக்கு வேறொரு கனமும் இருந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அவள் ஒரே ஒரு தடவை, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, “ஒரு பொட்டப்பிள்ளைக்குச் சடை பின்னிப் பாக்கணும்னு இருந்தது” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் எங்கள் சாஸ்தா கோயிலில் மொட்டை என்று முடிவானதும், தன் நிச்சயதார்த்தப் பட்டுச்சேலையை எடுத்துப் பாவாடைக்கு அளவெடுத்துவிட்டாள். அவள் கத்தரிக்கோலை வைத்த வேகத்தைப் பார்த்து நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஸ்டுடியோவுக்குப் பழகட்டும் என்று இரண்டு வாரம் முன்பே பையனை அழைத்துக்கொண்டு போனோம். அங்கே வெள்ளைக் குடைக்குள்ளிருந்து ஃபிளாஷ் பளீரென்று அடித்ததும் அவன் வீறிட்ட வீறிடலில் ஸ்டுடியோக்காரர் கேமராவை விட்டுவிட்டுக் கதவைச் சாத்த ஓடினார், தெருவில் ஆள் கூடிவிடக் கூடாதே என்று. அன்றிலிருந்து அந்தத் தெருமுனை வந்தாலே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

“இப்பம் என்ன செய்யுதது?” என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தது.

“நான் வீட்லயே எடுக்கேன். ஸ்டுடியோ வெளிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தா போச்சு” என்றேன்.

வாய் கொடுத்து மாட்டிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். என்னிடம் இருந்தது அலுவலக நண்பரிடம் பழையதாக வாங்கிய ஒரு கேமராவும், நூலகத்திலிருந்து மூன்று முறை புதுப்பித்து எடுத்துவந்த ஒரு புத்தகமும். அந்தப் புத்தகத்தில் விளக்குகளை எங்கே வைக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுப் படங்கள் இருந்தன. அதைப் படித்ததிலிருந்தே கல்யாண வீடுகளில் போட்டோக்காரர்களின் காதருகே போய், வெளிச்சம் தப்பு என்று சொல்கிற வியாதி எனக்கு வந்திருந்தது.

எங்கள் தெருவில் கோயில் கொடை விழாக்களுக்கு மைக் செட்டும் லைட்டும் வாடகைக்கு விடுகிற அண்ணாச்சி இருந்தார். அவரிடம் இரண்டு ஃபோகஸ் லைட் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பிள்ளையப் படம் எடுக்கப் போறீரா, பொரிச்சு எடுக்கப் போறீரா வே? ஒவ்வொண்ணும் ஆயிரம் வாட்டு. பந்தக்காலே சூடாயிரும்.”

“நேரா அடிக்கப் போறதில்ல அண்ணாச்சி. சுவத்துல அடிச்சுத் திருப்பப் போறேன்.”

“வெளிச்சத்தைத் திருப்புவீரோ? திருப்பும், திருப்பும். பீஸ் போச்சுன்னா மட்டும் என்னைக் கூப்பிடாதேயும்” என்றார். சொன்னாரே தவிர, மறுநாள் அவரே வந்து மெயின் போர்டிலிருந்து தனி ஒயர் இழுத்துக் கொடுத்தார்.

படம் எடுக்கும் இடம் எது என்பதைப் பீரோ தீர்மானித்தது. ஆளுயரக் கண்ணாடி எங்கள் வீட்டில் பீரோவில் மட்டும்தான் இருந்தது. பீரோவை நகர்த்த நாலு ஆள் வேண்டும். ஆகவே பீரோ நின்ற இடத்தில் நிற்க, மற்ற எல்லாவற்றையும் நகர்த்தினோம். லைட்டுக்கு ஸ்டாண்ட் இல்லை. நின்றுகொண்டு சுற்றும் ஃபேனின் தலையைக் கழற்றிவிட்டு அதன் கம்பியில் ஒன்றைக் கட்டினேன். இன்னொன்றை முக்காலிமேல் முக்காலி போட்டு ஏற்றினேன். டிவி வந்த பெட்டியில் இருந்த தெர்மோகோலை எடுத்து, முகத்தின் நிழல் பக்கம் வெளிச்சம் திருப்ப நாற்காலியில் சாய்த்துவைத்தேன். ஜன்னல் வெயிலைத் தணிக்க, தீபாவளிக்கு மாமனார் எடுத்துக்கொடுத்த எட்டு முழ வேட்டியைக் கொடியில் விரித்தேன். ஒத்திகை பார்க்கும்போது அதன் ஓரம் லைட்டில் பட்டு, உள்ளங்கை அளவுக்குப் பொசுங்கியது. மனைவி அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினாள்.

கண்ணாடிதான் பெரிய தலைவலி. லைட்டை எங்கே வைத்தாலும் அது பீரோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு என் கண்ணைக் கூசவைத்தது. அரை நாள் இப்படியும் அப்படியும் இழுத்து, கடைசியில் கண்ணாடியில் விளக்கு விழாத ஒரு கோணத்தைக் கண்டுபிடித்தேன். எனக்குப் பின்னால் கிடந்த தட்டுமுட்டுச் சாமான்களும் கண்ணாடியில் தெரியக் கூடாதே என்று குறுக்கே கொடி கட்டி நீலப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பையன் வந்து நின்றான். நான் ஒரு கணம் அசந்துபோனேன். அரக்குப் பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, கண் நிறைய மை, இடுப்புக்குக் கீழே தொங்கும் பூஜடை. என் மனைவி இரண்டு மணி நேரம் பின்னியிருக்கிறாள். அத்தனை நேரமும் அவன் அவள் மடியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கும் அந்தச் சடை பிடித்துப்போய், திரும்பித் திரும்பித் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

லைட்டைப் போட்டதும் அறை அடுப்பாகிவிட்டது. ஃபேன் இல்லை, பங்குனி வெயில் வேறு. அவன் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் நிற்பான், ஆனால் அம்மா கண்ணாடியில் விழுவாள். “போர்வைக்குப் பின்னால உக்காந்து குரல் மட்டும் கொடு. தலையக் காட்டிராத” என்றேன்.

“சரிங்க” என்று அவளும் போர்வைக்குப் பின்னால் போனாள்.

அப்புறம் எல்லாமே அற்புதமாக நடந்தது. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். மூன்று என்று சொன்னதும் போர்வைக்குப் பின்னாலிருந்து “கூ” என்று குரல் வரும். பையன் முகம் மலர்ந்துவிடும். அந்த நொடியில் தட்டுவேன். தட்டுகிற நொடியில் கேமராவில் நான் கண் வைத்துப் பார்க்கிற துளை இருட்டிவிடும், அந்த வகைக் கேமராக்கள் அப்படித்தான். இருபத்துநாலு படம் எடுத்தேன். ஒன்றில்கூட அவன் அழவில்லை. லைட்டை அணைத்ததும் அவன் பூஜடையோடு தெருவுக்கு ஓடி, மைக் செட் அண்ணாச்சியிடம் சுற்றிச் சுற்றிக் காட்டினான். “ஏ, மகாலட்சுமில்லா வந்திருக்கா” என்று அவர் கும்பிட்டார்.

ரோலில் பன்னிரண்டு படம் மீதி இருந்தது. முழு ரோலும் தீராமல் கழுவக் கொடுக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் எங்களில் யாருக்கும் இல்லை. மீதியை மொட்டைக்கு வைத்துக்கொண்டேன். சாஸ்தா கோயிலில் என் மச்சினன் மடியில் உட்காரவைத்து முடி இறக்கினார்கள். ஈர முடி வாழையிலையில் விழ விழ நான் தட்டிக்கொண்டே இருந்தேன். என் மனைவி அந்த முடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். படம் இருக்கிறதே என்று நான் அவளுக்குச் சைகை காட்டினேன்.

இரண்டு நாள் கழித்துப் படங்களை வாங்கப் போனேன். லேபில் இருந்தவர் கவரை நீட்டும்போதே சிரித்தார். “லைட் வெளிச்சத்துல மஞ்சளா இருந்தத நாங்க சரி பண்ணிட்டோம் சார். அக்காவத்தான் ஒண்ணும் செய்ய முடியல.”

பிரித்துப் பார்த்தேன். முன்னால் என் பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு ஒரு பக்கம், பின்னாலுள்ள கண்ணாடியில் பூஜடை, பூ பூவாகத் தெளிவாக விழுந்திருக்கிறது. மறுபக்கம், அதே கண்ணாடியில், நீலப் போர்வையை ஒதுக்கிக்கொண்டு என் மனைவியின் தலை. கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்தி, கன்னத்தை உப்பி, வாய்விட்டுச் சிரித்து, இருபத்துநாலு படத்திலும் இருபத்துநாலு விதமாக இருந்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முடி போய்விட்டது. இனி ஒருமுறை எடுக்க வழியில்லை. இந்தப் பிறவியில் அவளுக்கென்று ஒரே ஒரு படம் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது, அதையும் கெடுத்தாயிற்று. அவள்மேல் வந்த கோபம் ரதவீதி தாண்டுவதற்குள் என்மேல் திரும்பிவிட்டது. மூன்று சொன்ன நொடியில் அவன் எப்படி அத்தனை அழகாகச் சிரிக்கிறான் என்று இருபத்துநாலு தடவையில் ஒரு தடவையாவது நான் யோசித்திருக்க வேண்டாமா?

வீட்டுக்குப் போய்க் கவரை அவள் மடியில் வைத்தேன். “தலையக் காட்டாதன்னு சொன்னேம்லா” என்றேன், அவ்வளவுதான் வந்தது.

“குரலுக்கு மட்டும் அவன் சிரிக்கலங்க. நான் என்ன செய்ய?” என்றபடி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருக்க, பையன் அவள் தோளில் தொற்றிக்கொண்டு தானும் பார்த்தான். ஒரு படத்தில் அவள் நின்றுவிட்டாள். அதில் அவள் கோணங்கித்தனம் எதுவும் செய்யவில்லை. சும்மா, பின்னிய சடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். “எம் மகளும் நானும் சேந்து இருக்கிற படம் எனக்கு இது ஒண்ணுதான்” என்றாள்.

அழுதாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். 

மறுநாள் அந்தப் படத்தின் நெகட்டிவை எடுத்துக்கொண்டு, பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்ட லேபுக்குப் போனேன். அவர் அளவெடுத்துப் பார்த்துவிட்டு, இந்தச் சைசுக்கு ஒரு ஓரத்தை வெட்டித்தான் ஆகவேண்டும் என்றார். “இந்தப் பக்கம் வெட்டினா அக்கா போயிருவாங்க, படம் சுத்தமாயிரும். அந்தப் பக்கம் வெட்டினா சடையில பாதி போயிரும். எதை வெட்ட சார்?”

“சடைய வெட்டுங்க” என்றேன்.