முள்ளங்கிப் பாத்தியில ஒரு ஈட்டிக் குத்து

இன்னிக்குக் காலையில போன உசுரு திரும்பி வந்துச்சு.

ஒல்லாந்துக்காரங்க கோட்டைக்கு வெளிய நான் ஐப்பசியில கொத்திப்போட்ட புதுத் தோட்டம். மழை ஏரிக்கரை மண்ணோட உப்பைக் கழுவினதும் முள்ளங்கி போட்டேன். மார்கழியில நல்லா எறங்கியிருக்கு. நேத்து பாத்தி ஓரமா எருவுக்கு எறாத் தலையப் பொதைச்சேன்.

கோட்டைக் கிடங்குல துணி மூட்டை காணோமாம். ஒல்லாந்துச் சிப்பாயும், அவனுக்குத் தமிழ் பேசுற துபாசியும் வந்து நின்னாங்க. துபாசிதான் கேட்டாரு:

"புது மண்ணா கீதே, இன்னாம்மா பொதைச்ச?"

"எறாத் தலை, ஐயா."

சிப்பாய் நம்பல. ஈட்டியால ஒரே குத்து. கெளம்புன நாத்தத்துல ஏரிக்கரைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தான். முள்ளங்கி ஒண்ணுகூட சேதமில்ல!

துபாசி மூக்கைப் பொத்திக்கிட்டே, "பறிச்சா கோட்டைக்கும் கொண்டா. பெரிய தொரைக்கு முள்ளங்கின்னா ரொம்ப இஷ்டம்"னாரு.

சரின்னுட்டேன். அது எதைத் தின்னு வளருதுன்னு தொரைகிட்ட யாரு சொல்றது? சிப்பாய் வாயத் தெறக்க மாட்டான். நீங்க?