பெற்றோர் சந்திப்புக்கு வந்த ரிலீவர்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஆசிரியரையும் பெற்றோரையும் சண்டையில்லாமல் பேச வைக்கிற என் தொழிலில், இடிப்பது யார் என்பதே பாதி நேரம் புரிவதில்லை.

ஓசூர் சிப்காட் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், பெற்றோர் சந்திப்பை உருப்படியாக நடத்துவது எப்படி என்று ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்களும் வகுப்பாசிரியராக இருந்து, யாராவது வருவார்களா என்று வாசலையே பார்த்து உட்கார்ந்திருந்தவர் என்றால், நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு பாராட்டு

பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையில் ஆரம்பியுங்கள், குறையை அப்புறம் சொல்லுங்கள் என்பது என் முதல் பாடம். ஒன்பதாம் வகுப்பு ஸ்டெல்லா டீச்சர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அபிநயாவின் வீட்டிலிருந்து வந்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தவரிடம், அவள் கணக்கில் எவ்வளவு கெட்டி என்று மனம் நிறையப் புகழ்ந்தார். அவரும் தன் மகளைப் பற்றிக் கேட்பதுபோலப் பூரித்துப் போனார்.

பிறகு டீச்சர் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். அபி முதல் பீரியடிலேயே தூங்கி விழுகிறாள், ராத்திரி வீட்டில் யாராவது பெரியவர்கள் கூட இருந்தால் நல்லது என்றார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கோபமில்லை, மறுப்பில்லை, என் பாடம் பலித்துவிட்டது என்று நான் பின்னால் நின்று உச்சி குளிர்ந்திருந்தேன். எழுந்திருக்கும்போதுதான் அவர் சொன்னார்: "நான் பக்கத்து வீட்டு மஞ்சுநாத்துங்க மேடம். அவங்கப்பா முருகேசன் ஷிஃப்ட்டுக்குப் போய்ட்டாரு, அவருக்குப் பதிலா நான் ரிலீவரா வந்திருக்கறன். நீங்க சொன்னத அப்படியே ஹேண்ட் ஓவர் பண்ணிடறன்."

கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்

அடுத்த முறை முருகேசனே வந்தார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர் சட்டைகூட மாற்றாமல் நேரே வந்திருந்தார். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது என் இரண்டாவது பாடம். டீச்சர் பார்க்கத் தயாராகத்தான் இருந்தார், அவர் கண் மூடியிருந்தது. "இப்ப என்ன சார் பண்றது?" என்று டீச்சர் என்னிடம் சைகையில் கேட்டார். தூங்குகிற பெற்றோருக்கு என் பயிற்சியில் பாடம் கிடையாது.

நாற்காலி கிறீச்சிட்டதும் முருகேசன் விழித்தார். பரீட்சை முடிந்ததும் அபியைச் சிவகங்கைப் பக்கம் தன் அக்கா வீட்டில் விடப் போவதாகவும், டி.சி. வேண்டும் என்றும் சொன்னார். பத்தாவது படிக்க வேண்டிய பிள்ளை, அதுவும் கணக்கில் அவ்வளவு கெட்டியான பிள்ளை. டீச்சருக்கு முகமே மாறிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கென்ன ஆசையா டீச்சர்? வீட்டுல முடிவு பண்ணிட்டா. பெத்தவ சொல்றா, நான் குறுக்க நிக்கிறதில்ல."

பெற்றவள் வந்தாள்

சரி, அம்மாவிடம்தான் பேச வேண்டும் என்று வரச் சொன்னோம். செல்வி எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவர். புருஷன் ஒரு ஷிஃப்ட் என்றால் இவர் வேறு ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒருவர் இல்லாத நேரம் இன்னொருவர் வீட்டில் இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. பிள்ளைக்குக் காவல் இருந்தது, அந்தக் காவல் அலுப்பில் தூங்கிவிடும் என்றாலும். புருஷனும் பெண்டாட்டியும்தான் பேசிக்கொள்ள நேரமில்லாமல் போனார்கள்.

பிள்ளையை ஏன் ஊருக்கு அனுப்புகிறீர்கள் என்று டீச்சர் கேட்டதுமே செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. "அவுக எடுத்த முடிவு டீச்சர். தகப்பன் சொன்னா நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் டீச்சரும் ஒருவரை ஒருவர் பார்த்து விழித்தோம். அப்பா சொல்வது அம்மாவின் முடிவு, அம்மா சொல்வது அப்பாவின் முடிவு. அப்படியென்றால் முடிவெடுத்தது யார்? வெளியே வராந்தாவில் நின்றிருந்த அபி உள்ளே எட்டிப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள்: "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா டீச்சர்? அதுக்குத்தான் அனுப்பறாங்களா?"

கை மாறிய சேதி

யோசித்து யோசித்து, கடைசியில் மஞ்சுநாத்தைப் பிடித்தோம். ஓசூரை அடுத்த தளி ஊர்க்காரர், முருகேசன் கம்பெனியிலேயே அடுத்த ஷிஃப்ட், வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், யாருக்கு எந்த உதவி என்றாலும் முன்னால் நிற்பவர். நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். பெரியவர்கள் யாராவது அபிகூட இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதை முருகேசனிடம் சேர்த்திருக்கிறார். "பெரியவங்களுக்கு நான் எங்க போறது, ஊர்ல அக்கா வீட்டுலதான் விடணும் போல" என்று அந்த மனிதர் மெஷின் பக்கத்தில் நின்று அலுத்துக்கொண்டிருக்கிறார். இவர் அதைச் செல்வியிடம், முருகேசன் ஊரில் விடப் போவதாகச் சேர்த்திருக்கிறார். செல்வி அழுதுவிட்டு, "அவுக சொன்னா சரி" என்றிருக்கிறார். அதை முருகேசனிடம், வீட்டில் முடிவாகிவிட்டது என்று சேர்த்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. பெற்றவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே இருக்கிறார்கள், நேரில் கேட்டுக்கொள்ளக் கூடாதா என்றேன். ஒருவர் வீட்டுக்கு வரும்போது மற்றவர் தூங்குவார், தூங்குகிறவரை எழுப்பி அழ வைப்பானேன் என்று இரண்டு பேருமே விட்டுவிட்டார்களாம். அதையும் மஞ்சுநாத்தான் சொன்னார். பிறகு துளி சந்தேகமும் இல்லாத முகத்தோடு சொன்னார்: "லைன்ல எங்களுக்கு அதான் சார் பழக்கம். முன் ஷிஃப்ட்டு சொன்னத வாங்கி, பின் ஷிஃப்ட்டுக்குக் குடுக்கணும். நடுவுல நாம மாத்திப் பேசக் கூடாது."

வட்டமாக உட்காருங்கள்

மேஜைக்கு எதிரெதிரே உட்காராதீர்கள், வட்டமாக உட்காருங்கள், டீ கொடுங்கள் என்பது என் கடைசிப் பாடம். முருகேசனும் செல்வியும் விழித்த கண்ணோடு ஒரே இடத்தில் நிற்பது கம்பெனி பஸ் ஸ்டாப்பில் மட்டும்தான் என்று அபிதான் வழி சொன்னாள். அவர் வந்த பஸ் நிற்கும், இவர் போகிற பஸ் கிளம்பும், அதற்கிடையில் பார்த்தால் உண்டு. டீச்சரும் நானும் அபியும் மதிய வெயிலில் போய் நின்றோம். உட்கார ஒரு கல்கூட இல்லை.

செல்வி தன் பஸ்ஸுக்காக வந்து நின்றிருந்தார். முருகேசன் இறங்கி வந்ததும், டீச்சர் பாராட்டையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கேட்டார்: "அபிய ஊருக்கு அனுப்பணும்னு உங்க ரெண்டு பேர்ல யார் சொன்னது?" முருகேசன் செல்வியைக் காட்டினார். செல்வி முருகேசனைக் காட்டினார். "நானா?" என்றார்கள் இரண்டு பேரும். முருகேசன் அபியின் தலையில் கை வைத்தார். எனக்குக் கண் கரித்தது, புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன். டிரைவர் ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். செல்வி ஓடிப்போய் ஏறி, நகர்கிற பஸ்ஸின் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: "ஏங்க, சோறு ஆக்கி வெச்சிருக்கேன், பிள்ள எங்கயும் போகல, பத்தாவது இங்கனதான் படிக்கும், மத்தத என்னைய எழுப்பிப் பேசுங்க!"

பெற்றோர் சந்திப்பில் முதலில் சந்திக்க வேண்டியவர்கள் பெற்றோர் இருவரும்தான் என்பதை என் பயிற்சியில் எந்தப் பாடத்துக்கு முன்னால் சேர்ப்பது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.