தவமணி மெஷின் வைக்காத இடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் மகளின் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இரண்டு வாளிகள். ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலச நல்ல தண்ணீர். போன் அடித்தது. தவமணி என்று பெயர் வந்தது. எடுத்தால் ஆண்குரல்.

"நீங்க சுழி அண்ணன்தானே? அவ போன்ல அப்படித்தான் போட்டு வச்சிருக்கா. உங்க சொந்தப் பேரு தெரியல, மாஃப் கரோ, மன்னிச்சுக்குங்க."

தவமணியின் கணவர். விடியும்போது தவமணிக்கு நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. கையிலிருந்த துணி தரையில் விழுந்திருந்தது. பேசி முடித்ததும் குனிந்து எடுத்தேன். மறுபடி காரில் வைக்கப்போன கை தானாக நின்றது. கீழே விழுந்த துணி வண்டியைத் தொடக்கூடாது என்பது தவமணியின் சட்டம். உள்ளே போய் வேறு துணி கொண்டுவந்து மீதியைக் கழுவி முடித்தேன். அழுதது அதற்குப் பிறகுதான்.

ஷாதிபூரில் அவருடைய தகரக் கொட்டகையில் பாலிஷுக்கு வண்டி விட்டவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களுக்கும் அவர் போனில் ஏதாவது பெயர் வைத்திருப்பார். எனக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்கிறேன். நான் பத்தாம் வகுப்பையே கணக்கு வாத்தியாரின் இரக்கத்தால் தாண்டியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வேலைக்குப் போய் முதன்முதலாக வாங்கியது அந்தக் கறுப்புக் கார். வாங்கிய சூட்டோடு, எங்கள் தீவிலிருந்து கடல் தாண்டி, மெயின்லேண்டில் ஆறு மாத ட்ரெய்னிங் வந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு, "ஓட்ட வேணாம்பா, பார்த்துக்கிட்டா போதும்" என்றாள். பார்த்துக்கொண்டேன். தினமும் கழுவினேன். எங்கள் குழாயில் மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும் என்பதால் அரை வாளியிலேயே முழுக் காரையும் முடித்துவிடுவேன். ரோட்டுப் புழுதி, கடல்காற்று கொண்டுவந்த உப்பு எல்லாம் அந்த அரை வாளிக்குள்ளேயே சுற்றும். துடைப்பதற்கு இடுப்பில் கட்டிப் பழசான என் சாரம். இடது பின்கதவில் காக்கை எச்சம் காய்ந்து கிடந்த அன்று, சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் நாரையும் எடுத்துவந்தேன். தண்ணீரை மிச்சம் பிடிப்பதில் எனக்குப் பெருமை வேறு.

கூரை நிழலில் வண்டி கண்ணாடி மாதிரித்தான் இருந்தது. ட்ரெய்னிங் முடிந்து மகள் சென்னையில் கப்பல் ஏறிய அன்று, ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று வெயிலுக்குக் கொண்டுவந்தேன். காரின் மேலெல்லாம் வட்டம் வட்டமாக நுண்ணிய கோடுகள், நூறு சிலந்திகள் குடிவந்ததுபோல. போட்டோ எடுத்தேன். அனுப்பவில்லை.

அப்படித்தான் மறுநாள் காலை தவமணியிடம் போனேன். இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் வெட்டிய குடும்பத்துப் பெண். கார் பாலிஷ் வேலையைச் சென்னையில் படித்து வந்தவர். வயதில் எனக்கு இரண்டு மூன்று குறைவாக இருக்கும். வண்டியை நிழலில் நிறுத்தப் போனேன். "தூப்ல விடுங்க அண்ணே. தூப் பொய் சொல்லாது" என்றார். வெயிலை அவர் இந்தியில் தூப் என்றுதான் சொல்வார். மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எத்தனை வாளித் தண்ணி ஊத்துவீங்க?"

"அரை வாளி."

"தினமுமா?"

"ஒரு நாள்கூட விட்டதில்ல."

அவர் சிரிக்கவில்லை. "பாசத்த உப்புத்தாள்ல வச்சுத் தேச்சிருக்கீங்க அண்ணே" என்றார். கப்பல் எப்போது வருகிறது என்று கேட்டார். நாளை மறுநாள் காலை ஹாடோ துறைமுகத்தில் என்றேன். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தக் கோடுகளை அவர் சுழி என்று சொல்வார். அன்று மதியம் அவர் கூப்பிட்டபோது போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "உடம்பு பூரா சுழி, ரெண்டு நாள் ஆகும்" என்று அவர் சொன்னதை என் மனைவி கேட்டுவிட்டாள். ராமநாதபுரத்தில் சுழி பார்த்து மாடு வாங்கி விற்ற வீட்டுப் பெண். எந்த இடத்தில் சுழி, நெற்றியிலா முதுகிலா, மகள் அதில் ஏறலாமா என்று போனைப் பிடுங்கிக் கேட்டாள்.

"அண்ணி, மாட்டுச் சுழி பொறக்கும்போதே வர்றது. இது அண்ணன் கையால போட்டது."

"அப்ப சுழி வண்டிக்கு இல்ல" என்று சொல்லி, என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள் மனைவி. அன்றிலிருந்து நான் சுழி அண்ணன்.

மறுநாள் காலையிலேயே கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். கலருக்கு மேல் கண்ணாடித் தோல் மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, கோடுகள் எல்லாம் அதில்தான், முடியைவிட மெல்லிசாக அதைச் சீவிச் சமப்படுத்தினால் சுழி போய்விடும் என்று விளக்கினார். இரண்டு சாண் இடம், நாலு முறை பாலிஷ் மெஷின், துடைப்பு, டார்ச் அடித்துப் பார்ப்பது, பிறகு அடுத்த இரண்டு சாண். அவ்வப்போது காரின் மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. அன்று இரண்டு தடவை கரண்ட் போனது. ஒருதடவைகூட அவர் அவசரப்படவில்லை. அவசரம் முழுவதையும் நான் பட்டேன்.

கை பரபரத்து, நானும் ஒருமுறை பிடிக்கிறேன் என்று கேட்டேன். கொடுத்தார். ஸ்பாஞ்சில் பாலிஷ் மருந்து வைத்து, மெஷினைத் தூக்கி, அந்தரத்திலேயே ஸ்விட்சைப் போட்டேன். மருந்தெல்லாம் என் சட்டையிலும் மூக்கிலும் அவருடைய சாமி படத்திலும் தெறித்தது. அவர் நிதானமாகப் படத்தைத் துடைத்தார்.

"வச்சிட்டு ஆன் பண்ணணும் அண்ணே. ஆன் பண்ணிட்டு வைக்கக் கூடாது. உங்க வாய்க்கும் இதே ரூல்தான்."

சாயங்காலம் இடது பின்கதவுக்கு வந்தார். பூச்சின் கனம் பார்க்கும் சின்னக் கருவியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் நார் போட்ட இடம்.

"இங்க தோலே இல்ல. மெஷின் வச்சா கலர் கிளம்பிரும்."

லேசாக ஒரே ஒரு சுற்று என்று கெஞ்சினேன். அந்த உள்ளங்கை அளவு இடம் தவிர மொத்தக் காரும் கறுப்புத் தண்ணீர் மாதிரி மின்னியது. அதனாலேயே அந்த இடம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"நாளைக்கு ஒரு நாள் பளபளன்னு இருக்கும். அப்பறம் பொண்ணுக்குக் கதவு போச்சு. எடுத்தது போதும், இது இருக்கட்டும்" என்று மெஷினின் வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அதோடு விட்டேனா? பஜாருக்கு ஓடி அந்த அளவுக்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கி வந்தேன். கடையில் இருந்தது 'அம்மாவின் ஆசி' ஒன்றுதான். தவமணி அதை வாங்கிப் படித்தார். அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அப்பா போட்ட கோலத்துக்கு அம்மா பேரா? பொண்ணு கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நீங்களே காட்டிருங்க அண்ணே."

மறுநாள் ஹாடோவில் மகள் பெட்டிகளை வைத்துவிட்டு நல்ல வெயிலில் காரைச் சுற்றி வந்தாள். "நான் விட்டுட்டுப் போனப்ப இருந்ததவிட நல்லா இருக்கேப்பா" என்றாள். நான்தான் தினமும் கழுவினேன் என்று சொல்ல வாய் திறந்துவிட்டது. சட்டென்று மெஷின் ஞாபகம் வந்தது. வாயை மூடி, அவள் கையைப் பிடித்து, இடது பின்கதவுக்குக் கூட்டிப்போனேன். விரலை அந்த இடத்தில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். நார்வரைக்கும் சொல்லி முடித்தேன். ஸ்டிக்கர் என் சட்டைப்பையிலேயே இருந்தது.

வீடு வரும்வரை அவளே ஓட்டினாள். வாசலில் இறங்கும்போது, "அரை வாளியா?" என்றாள்.

"அரை வாளி."

"மத்த இடமெல்லாம் எப்படி இருந்துச்சு? போட்டோ ஏதாவது இருக்கா?"

அனுப்பாத போட்டோவைக் காட்டினேன். தெருவே கேட்கும்படி சிரித்தாள். நான் போன் செய்தால் அவள் திரையில் இன்றுவரை வருவது அந்தப் போட்டோதான்.

கதவை மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்துத் தருகிறோம் என்று பிறகு பெயின்ட் கடைக்காரர் ஓரிருவர் சொன்னார்கள். தவமணியிடமே யோசனை கேட்டோம். "அடிச்சா நல்லாத்தான் இருக்கும். ஆனா அண்ணன் திரும்ப அரை வாளிக்குப் போயிருவாரு" என்றார். மகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான். இரண்டு வாளி. வாயைத் திறக்குமுன் ஒரு நொடி நிற்பது. இது பத்தில் நாலு தடவை நடக்கிறது, மனைவியைக் கேட்டால் இரண்டு என்பாள். அப்புறம் அந்த உள்ளங்கை இடம். அதை நாங்கள் யாரிடமும் கொடுக்கப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கழுவி முடித்ததும் காரை வெயிலுக்கு நகர்த்தி, அவர் சுற்றுவதுபோல ஒரு சுற்று வந்தேன். ஒரு சுழி இல்லை. இடது பின்கதவில் மட்டும் என் கைவேலை அத்தனையும் அப்படியே இருந்தது. அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. தூப்தான்.