நெல்லுக்குள் இறங்கிய விமானம்

அறுபதுகளின் பிற்பகுதியில், கார்ப் பந்தயம் இல்லாத ஞாயிறுகளில், சோழவரத்துப் பழைய ஓடுதளத்தில் பயிற்சி மாணவர்களான நாங்கள் விமானம் இறக்கிப் பழகினோம். அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நீளவாக்கில் அதன் ஒரு பாதியில் நெல் காயவைப்பார்கள். மறு பாதி எங்களுக்கு. தலைக்கு மேல் விமானம் வந்தாலும் அவர்கள் நகர மாட்டார்கள்.

அன்று நான் முதன்முறையாகத் தனியே பறந்தேன். மூன்று முறை ஒழுங்காக இறக்கினால்தான் அடுத்த கட்டப் பயிற்சி. ஆசிரியரின் பாரம் இல்லாததால் விமானம் சற்று மிதந்துதான் தரை தொடும் என்று அவர் காலையிலேயே சொல்லியிருந்தார். நான் மறந்துவிட்டேன். ஆள் உயரத்திலேயே விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். தொப்பென்று விழுந்து, எகிறி, மறுபடி விழுந்தது. பதற்றத்தில் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்தேன். விமானம் திரும்பி நெல்லுக்குள் புகுந்து நின்றது. அதன் விசிறிக் காற்றில் நெல் ஓரத்துச் சரளையெங்கும் பறந்தது.

மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்து விமானத்தை வெளியே தள்ளினார்கள்.

"இன்னா சார், அவ்ளோ பெரிய ரோடு ஒனக்குப் பத்தலையா?" என்றாள் ஒருத்தி.

"பசிடி அவருக்கு. பச்ச நெல்ல துன்ன வந்துகிறாரு" என்றாள் இன்னொருத்தி.

அவர்கள் குந்தி, நெல்லில் கலந்த கல்லைப் பொறுக்கத் தொடங்கினார்கள்.

ஆசிரியர் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். "சேதமில்ல. இப்பவே ஏறு, இன்னைக்கு விட்டா அப்புறம் ஏற மாட்டே. ஏரி மேல நாலு சுத்து போயிட்டு வா, நிதானம் வரட்டும்."

திரும்பி வந்தபோது கீழே ஓடுதளம் முழுவதும் காலியாக இருந்தது. யாருக்காகவும் நகராதவர்கள், எனக்காக அத்தனை நெல்லையும் வாரி ஓரத்துக்கு அப்பால் குவித்துவிட்டு, குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

இந்த முறை சக்கரங்கள் மெதுவாகத் தொட்டன. எங்கள் பாதியிலேயே, கோடு பிசகாமல் ஓடி நின்றேன். ஆசிரியர் கை குலுக்கி, "இன்னும் ரெண்டு" என்றார்.

துடைப்பத்தோடு ஒருத்தி அருகே வந்தாள். கிண்டல் இல்லாமல்தான் கேட்டாள். "இன்னொரு வாட்டி போறியா சார்? போறதுன்னா சொல்லிடு, நெல்லப் பரப்பாம இருக்கோம். வெய்யிலு போய்க்கினே இருக்குது."

"இல்லம்மா, பரப்புங்க" என்றேன்.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். வழக்கமாக அவர் உட்காரும் பின்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து, பட்டையை மாட்டிக்கொண்டு, ஊருக்குத் திரும்ப அவரே ஓட்டட்டும் என்று காத்திருந்தேன்.