குடுக்கை வீட்டுக்காரம்மா

முட்டைப் பொரியலைப் பட்டாணி அளவுக்குக் கிள்ளி பிளாஸ்டிக் கரண்டியில் வைத்து, வானத்தைப் பார்த்துச் சுண்டிவிடுகிறார் ஆர்லீன். துண்டு மேலே எழும்பிப் பனியில் விழுகிறது. சளைக்காமல் அடுத்த துண்டு.

"என்ன ஆர்லீன், ஆகாசத்துக்கு ஊட்டிவிடுறீங்களா?" என்கிறார் பக்கத்து வீட்டு ஃப்ளாய்ட்.

"அது உங்கள மாதிரி உப்பு போதலைன்னு மூஞ்சியத் தூக்காது."

ஆர்லீன் ஈரி ஏரிக்கரையில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கொல்லையில் உயரமான கம்பம், அதில் பறவைக் கூடுகளாகத் தொங்கும் வெள்ளைச் சுரைக்குடுக்கைகள். ஊதாத் தகைவிலான் என்னும் வலசைப் பறவைகள் இந்தப் பக்கங்களில் மனிதர் கட்டித்தரும் கூட்டில்தான் குஞ்சு பொரிக்கும். காலிக் குடுக்கை திறந்து கிடந்தால் சிட்டுக்குருவி குடியேறிவிடும். ஆகவே எத்தனை தகைவிலான் வந்ததோ அத்தனை குடுக்கையின் வாயைத்தான் திறப்பார். மற்றவற்றுக்கு அடைப்பான். இதில் தாட்சண்யமே கிடையாது. "ஆள் வரட்டும், அப்புறம் சாவி" என்பார்.

போன வருஷம் கம்பத்தில் இடம் போதவில்லை. இந்த ஏப்ரலில் பிரேசிலிலிருந்து வந்து சேர்ந்தவை நான்கே நான்கு. வந்த கையோடு பனி கொட்டியது. பூச்சி பறக்கவில்லை. பறக்கும் இரையைத்தான் தகைவிலான் இரையென்று அறியும். இன்று காலை ஒன்று கம்பத்தடியில் விறைத்துக் கிடந்தது. ஆர்லீன் பயந்துதான் போயிருந்தார்.

"மத்ததெல்லாம் எங்க போச்சு?" என்றார் ஃப்ளாய்ட்.

"அங்க காட்ட அழிச்சாங்களோ, கடல் தாண்டுறப்ப புயல் அடிச்சுதோ, யாரு கண்டா? வருசம் பூரா பறக்குற பொழப்பு ஃப்ளாய்ட். எங்க அடி விழுந்தாலும் இங்கதான் குறையுது. என் கைக்கு எட்டுறது இந்த முட்டை ஒண்ணுதான்."

தோள் வலித்ததும் கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். மதியம் தாண்டி, ஒரு பறவை கிளம்பி ஒரு துண்டை நடுவானில் கவ்வியது. அதைப் பார்த்து மற்ற இரண்டும் இறங்கின. ஃப்ளாய்ட் கைதட்டினார். ஆர்லீன் தட்டு காலியாகும்வரை சுண்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு கம்பத்துக் கயிற்றைத் தளர்த்திக் குடுக்கைகளைக் கீழே இறக்கினார்.

"குருவி பூந்துடுமே!" என்றார் ஃப்ளாய்ட்.

"வழியில இன்னும் ஏதாச்சும் வந்துட்டிருக்கும்" என்ற ஆர்லீன் ஒவ்வொரு அடைப்பானாகப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டே போனார். பை புடைத்துவிட்டது. கடைசி அடைப்பானைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, திறந்த வாய்களோடு குடுக்கைகளை மேலே ஏற்றினார்.